நாசில் மூடுகிற நேரம்

அண்ணாச்சி,
எனக்குக் கடையம் பக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். டீசல் எஞ்சினில் டீசலைப் பீய்ச்சியதும் பற்றிக்கொள்ளும் என்று பரீட்சையில் எழுதினேன், மார்க் குறைத்துவிட்டார்கள். உடனே பற்றாதா? எல்லாம் மின்சார வண்டியாக மாறும் காலத்தில் இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

அன்புள்ள தம்பி,

உடனே பற்றாது. மார்க் குறைத்தது சரிதான். அழுத்தத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகியிருந்தாலும், டீசல் துளியாக உடைந்து, ஆவியாகி, காற்றோடு கலந்த பிறகுதான் தானாகப் பற்றும். ஆயிரத்தில் ஒரு வினாடி அளவுக்கு அந்தத் தாமதம். அதற்குள் கலந்து நிற்பது மொத்தமும் ஒரே மூச்சில் எரியும்போது கேட்பதுதான் டீசல் எஞ்சினின் தட்டல் சத்தம். அப்புறம் வருகிற டீசல் காற்றுக் கலக்கிற வேகத்துக்குத்தான் எரியும். மின்சார வண்டிக் கேள்வியை விடு. பாடத்தைப் படிக்கும்போதே லாபக்கணக்குப் பார்க்கிறவனுக்கு எந்த எஞ்சினும் பிடிபடாது.

எப்போது பற்றும் என்று நீ கேட்கிறாய், எல்லோரும் அதையே கேட்கிறார்கள். பீய்ச்சுவது எப்படி முடிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக எனக்கு அதே நினைப்புத்தான்.

மானூர்ப் பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓடியது. குளம் கைவிட்டால் பிசான நெல்லுக்கு அதுதான் கதி. ஒரு வருஷம் கரும்புகையாகக் கக்கியது. "டீசல் பத்தலவே, பம்பைக் கூட்டி வையும்" என்றார்கள். மாமா எஞ்சினுக்கு டீசல் தள்ளுகிற பம்பைக் கூட்டினார், புகை இன்னும் கருத்ததே தவிரத் தண்ணீர் கூடவில்லை. டவுனிலிருந்து வந்த மெக்கானிக், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி, கையால் அடிக்கிற டெஸ்டரில் மாட்டி அடித்தார். பனிமூட்டம்போல் அருமையாகப் பீய்ச்சியது. எல்லோருக்கும் திருப்தி. அவர் மட்டும் அடித்து முடித்த பிறகும் நாசில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. "புகை இதுதான் அண்ணாச்சி" என்றார்.

எனக்கு அதன் காரணம் பிடிபட வெகுகாலம் ஆனது. 1997இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் டெக் என்பவர், ஓடுகிற எஞ்சினுக்குள் லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்ததையெல்லாம் சேர்த்து ஒரு சித்திரம் கொடுத்தார். நாசிலிலிருந்து ஓர் அங்குலம் போவதற்குள் டீசல் ஆவியாகிவிடுகிறது. தாரையின் உள்ளே, காற்றுப் போதாமல் எரிகிற இடத்தில், கரி உண்டாகிறது. தாரையைச் சுற்றி நிற்கிற மெல்லிய சுடரில் அந்தக் கரியில் பெரும்பங்கு எரிந்துபோகிறது. நல்ல எஞ்சினிலும் கரி உண்டாகும் தம்பி, வெளியே நாம் பார்ப்பது எரியத் தவறிய மிச்சம்தான்.

இப்போது அந்தச் சொட்டுக்கு வா. நாசில் ஊசி பட்டென்று மூட வேண்டும். மெதுவாக மூடினாலோ ஒழுகினாலோ கடைசி டீசலுக்கு அழுத்தம் இருக்காது. பெரிய துளியாக, வேகம் செத்து வரும், காற்றை இழுத்துக் கலக்காது. பிஸ்டன் இறங்க இறங்கச் சூடும் குறையும். அதில் உண்டான கரி எரிய நேரமே இல்லை. பம்பைக் கூட்டினால் என்ன ஆகும்? அந்த வகைப் பம்பில் பீய்ச்சத் தொடங்குகிற நேரம் மாறாது, முடிகிற நேரம்தான் தள்ளிப்போகும். கோளாறு இருக்கிற இடத்திலேயே இன்னும் டீசலைக் கொட்டுகிறோம்! காற்றுப் போதாத எஞ்சினுக்கு டீசலைக் கூட்டிவிட்டுக் கரும்புகையை 'பவர்' என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நீயும் அப்படிப் பேசாதே.

லீவில் ஒரு நாசில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்று பார். ஆனால் டெஸ்டர் முன்னால் கையை நீட்டிவிடாதே. தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வலி பெரிதாக இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தாமதித்தால் விரலே போகலாம்.