இடுப்பு வலிக்கு பிசியோதெரபி உடற்பயிற்சி உண்மையிலேயே பலன் தருமா, இல்லை காசு பிடுங்கும் வேலையா?

பலன் தரும். நீங்கள் கேட்கிற தொனியைப் பார்த்தால் கரண்ட் மெஷினும் இழுவைக் கட்டிலும் காட்டி உங்களுக்கு பில் போட்டிருப்பார்கள் போல. அது வேறு, உடற்பயிற்சி வேறு. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியே உடற்பயிற்சியைச் செய்யச் சொல்கிறது, இழுவையையும் பெல்ட்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

எனக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷன். நாள் முழுக்க நிற்கணும், குனிந்து கட்டைத் தூக்கணும், விரிக்கணும், மறுபடி மடிக்கணும். வலி இடது பிட்டத்தில் பிடித்துக் கெண்டைக்கால் வரை இறங்கிவிட்டது. பிசியோ பார்த்த பொண்ணு மெஷின் பக்கமே போகவில்லை. குப்புறப் படுக்கவைத்து முழங்கையை ஊன்றச் சொன்னது, அப்புறம் உள்ளங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்காமல் நெஞ்சை மட்டும் தூக்கு என்றது, ஒவ்வொரு தடவையும் "இப்ப வலி எங்க இருக்குண்ணே?" என்று கேள்வி. "கால்ல இருக்குறது மேல ஏறி இடுப்புல நின்னா நல்லதுண்ணே, இடுப்புல கொஞ்சம் கூடுனாலும் பயப்படாதீங்க. காலுக்கு இறங்குச்சுன்னா உடனே நிறுத்திருங்க." நியூசிலாந்துக்காரர் மெக்கென்சி கொண்டுவந்த முறையாம். கால் வலி குறைந்த பிறகுதான் நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது எல்லாம். சலிப்பான வேலைதான், ஆனால் வீட்டில் தினமும் செய்தவரைக்கும் வலி அடங்கித்தான் இருந்தது.

"எங்கப்பாவுக்கு இது ஒத்துக்கலையே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். தண்டுவடப் பாதை சுருங்கிய வயசானவர்களுக்குப் பின்னால் வளைந்தால் வலி கூடும், முன்னால் குனிந்தால்தான் சுகம். அதனால்தான் யூடியூப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நேராகப் பெரியாஸ்பத்திரி.

இன்னொன்று. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே போட்டார்கள். எங்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அதில் சேலைக்கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், "கஸ்டமர் என்ன நினைப்பாங்க" என்கிறார் சூப்பர்வைசர். அவருக்கு மட்டும் சுற்றுகிற நாற்காலி.