செராமிக் கேஸ் (வெளிக்கூடு) போட்ட வாட்சில் கீறலே விழாது என்கிறார்கள். கீழே விழுந்தால் உடையுமா?

உடையும். என்னுடையது உடைந்தது.

ஆனால் கேள்வி கேட்டவர் அதோடு நிறுத்தவில்லை. 'அவ்வளவு பணம் போட்டு வாங்கினால் ஸ்டீல் வாட்சைவிட அதிக நாள் வருமா?' என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியவில்லை. நான் பட்டதையும் அதற்கப்புறம் தேடித் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

கோவையில் ஒரு மெஷின் ஷாப்பில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். ஓடுகிற மெஷின் பக்கம் போனால் வாட்சைக் கழற்றி டிராயரில் வைத்துவிட வேண்டும், அது விதி. மற்ற நேரமெல்லாம் என் இடது கை, அளவு பார்க்கப் பயன்படும் சமதளக் கல்லான கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டின் மேல்தான் கிடக்கும். முன்பு கட்டியிருந்த ஸ்டீல் வாட்ச் இரண்டே வருடத்தில், கம்பி நார் போட்டுத் தேய்த்த டம்ளர் மாதிரி ஆகிவிட்டது. அந்த எரிச்சலில்தான் சேர்த்து வைத்த போனஸ் பணத்தையெல்லாம் போட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்பு செராமிக் வாட்ச் வாங்கினேன். கேஸ் முழுக்க செராமிக், ரப்பர் பட்டை. கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு அவர்களுடையதும் அல்ல.

வாங்கிய மூன்றாவது வாரம், ஒரு ஷாஃப்டைத் தூக்கி வைக்கும்போது சர்ரென்று ஓர் உரசல். பார்த்தால் கேஸின் பக்கவாட்டில் பளிச்சென்று ஒரு வெள்ளிக்கோடு. வயிறு கலங்கிவிட்டது. பக்கத்து மேசைப் பையன், "ரப்பர் வச்சுத் தேய்ச்சுப் பாருங்கண்ணா" என்றான். கிண்டல் செய்கிறான் என்றே நினைத்தேன். சாதாரண பென்சில் ரப்பர்தான். நாலு தேய்ப்பில் கோட்டைக் காணோம். அது வாட்சில் விழுந்த கீறலே இல்லை. ஷாஃப்டின் இரும்பு வாட்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீறல் விழுந்தது ஷாஃப்டில். அதை மறுபடி பாலிஷுக்கு அனுப்பினேன். காரணம் என்ன என்று எழுதவில்லை.

கீறல் விழாது என்பது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. விக்கர்ஸ் கடினத்தன்மை அளவில் வாட்சுக்குப் போடும் 316எல் ஸ்டீல் 200 பக்கம் வரும். நம் வீட்டுத் தூசியில் இருக்கிற மணல், அதாவது குவார்ட்ஸ், சுமார் 1000. செராமிக் கேஸ் 1200ஐத் தாண்டும். மேலே இருக்கும் சஃபையர் கண்ணாடி 2000 பக்கம். தினமும் ஸ்டீலைக் கீறுவது பெரும்பாலும் அந்த மணல்தான். செராமிக்கிடம் அதன் பாச்சா பலிக்காது. உப்புத்தாள், கிரைண்டிங் சக்கரம், மனைவியின் வைர மோதிரம், இவற்றிடம் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

செராமிக் என்றதும் டீ கப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சிர்கோனியம் டையாக்சைடு. பல் டாக்டர் போட்டுவிடும் சிர்கோனியா கேப்பும் இதே சாதிதான். இதன் மூலப்பொருளான சிர்கானைக் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள். (ஸ்விஸ் வாட்சுக்கு அங்கிருந்து போகிறது என்று நான் சொல்லவில்லை, வதந்தியாக்கிவிடாதீர்கள்.) தூளைப் பசையோடு கலந்து அச்சில் அழுத்தி, 1400 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். சுட்டு எடுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அதைக் கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாக வெட்ட வேண்டும். சுட்டபின் அளவுக்குக் கொண்டுவர வைரக் கருவி தவிர வேறெதுவும் செல்லாது. அளவு பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த விலையில் ஒரு பகுதிக்காவது நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். வளைகுடாவிலிருந்து வரும் மாமாக்கள் கட்டிவந்த தங்க நிற ராடோ டயாஸ்டாரைப் பலர் செராமிக் என்று நினைக்கிறார்கள். 1962இல் வந்த அந்த வாட்சின் கேஸ் டங்ஸ்டன் கார்பைடு. லேத்தில் இரும்பைச் சீவ நாங்கள் மாட்டுகிற கார்பைடு இன்சர்ட்டும் அதே குடும்பம்தான். வாட்சில் செராமிக் நுழைந்தது 1986 வாக்கில். ஐடபிள்யூசி நிறுவனத்தின் டா வின்சி நிரந்தர நாட்காட்டி மாடலில் கேஸே சிர்கோனியாவில் வந்தது. அதே ஆண்டு ராடோ இன்டெக்ரல் மாடலின் பட்டையில் செராமிக் வந்தது. 2000இல் ஷனெல் ஜே12 வந்தபின்தான் ஃபேஷன் ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். 2005இலிருந்து ரோலெக்ஸ் கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையத்தை மட்டும் செராமிக்கில் போட ஆரம்பித்தது. 2022இல் ஸ்வாட்ச் விட்ட மூன்ஸ்வாட்சின் 'பயோசெராமிக்' வேறு கதை. அதில் மூன்றில் ஒரு பங்கு ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுத்த பிளாஸ்டிக். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, இவ்வளவு கடினமானது ஏன் உடைகிறது?

கடினமாக இருப்பது வேறு, அடி தாங்குவது வேறு. கார்பைடு இன்சர்ட் இரும்பையே வெண்ணெய் மாதிரி சீவும். கை தவறித் தரையில் விழுந்தால் முனை தெறித்துவிடும். எங்கள் ஷாப்பில் நேற்று சேர்ந்த பையனுக்கும் இது தெரியும். ஒரு விரிசல் பரவாமல் பொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதற்குத் தனியாக ஓர் அளவு உண்டு. அலகு வாயில் நுழையாது, எண்ணை மட்டும் பாருங்கள்: கண்ணாடிக்கு 1கூடக் கிடையாது, சிர்கோனியாவுக்கு 5க்கு மேல், ஸ்டீலுக்கு 50க்கு மேல், பல ரகங்களில் 100க்கும் மேல். செராமிக் வகையறாவில் சிர்கோனியா பெரிய பயில்வான்தான். ஸ்டீல் பக்கத்தில் நின்றால் சின்னப் பையன்.

அந்த 5 வந்த விதமே அழகானது. சுத்தமான சிர்கோனியாவைச் சுட்டு ஆற வைத்தால் அதன் படிக அமைப்பு மாறி, கன அளவு 4, 5 சதவீதம் உப்பி, தானாகவே பொரிந்து நொறுங்கிவிடும். எடையில் 5 சதவீதம் போல இட்ரியம் ஆக்சைடு சேர்த்தால், மாற வேண்டியது மாறாமல் அப்படியே அடங்கிக் கிடக்கும். பிறகு எங்காவது ஒரு விரிசல் புறப்பட்டால், அதன் முனையில் உள்ள படிக மணிகள் மட்டும் அப்போது மாறி உப்பி, விரிசலை இரு பக்கமும் நெருக்கி மூடப் பார்க்கும். காந்திபுரத்தில் காலை எட்டரை மணி பஸ்ஸில் ஒருவர் உள்ளே புகப் பார்க்கும்போது, நிற்கிறவர்கள் முழங்கையை விரித்துக்கொள்வார்களே, அது போல. 1975இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூவர் இந்த வித்தையை நேச்சர் அறிவியல் இதழில் எழுதியபோது, 'செராமிக் எஃகா?' என்று கேள்விக்குறி போட்டே தலைப்பு வைத்தார்கள். அந்தக் கேள்விக்குறியை வாட்ச் விற்கிறவர்கள்தான் எடுத்துவிட்டார்கள்.

இனி என் கதை. முதல் தடவை அது ஆபீஸ் மாடிப்படியில் விழுந்தது. நெஞ்சு உயரத்திலிருந்து விழுந்து இரண்டு படி உருண்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை. அன்றைக்கு வந்த திமிர் ஒரு வருடம் இருந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிலில் உட்கார்ந்து பட்டையின் கொக்கியைக் கழற்றும்போது கை நழுவியது. இரண்டடி உயரம் இருக்குமா? கீழே விட்ரிஃபைடு டைல்ஸ். எவர்சில்வர் ஸ்பூன் விழுந்த மாதிரி 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தேன், பட்டை மாட்டும் 'லக்' என்கிற நான்கு காதுகளில் ஒன்றின் நுனியைக் காணோம். போன் டார்ச்சை அடித்துக் கட்டிலுக்கடியில் தேடியதில் கிடைத்தது, துவரம்பருப்பில் பாதி அளவு. உடைந்த முகம் பளபளப்பில்லாமல், சொரசொரப்பாக, உள்ளே வரைக்கும் அதே கறுப்பு. முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எரிச்சல் அதிகமானது.

நெஞ்சு உயரத்தில் தப்பியது கட்டில் உயரத்தில் ஏன் போனது? இந்தக் கேள்வியில்தான் செராமிக்கின் குணமே இருக்கிறது. 1920இலேயே கிரிஃபித் என்பவர் கண்ணாடியை வைத்துக் காட்டினார்: இந்த மாதிரிப் பொருள்களின் பலத்தைத் தீர்மானிப்பது பொருள் மட்டுமல்ல, அதில் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பழுது. ஸ்டீலில் அடி விழுந்தால் அந்த இடம் நசுங்கி, வளைந்து, வேகத்தை வாங்கிக்கொள்ளும். செராமிக்குக்கு நசுங்கத் தெரியாது. எந்தக் கோணத்தில் விழுந்தது, அடி பட்ட இடத்தில் பழுது இருந்ததா இல்லையா, இதுதான் கணக்கு. ஒரே மாதிரி இரண்டு வாட்சை ஒரே உயரத்திலிருந்து போட்டால் ஒன்று தப்பலாம், ஒன்று போகலாம். யூடியூபில் ஒருவர் சுத்தியலால் அடித்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று காட்டுவதில் எனக்கு நம்பிக்கை போனதும் இதனால்தான். அவர் காட்டுவது அந்த ஒரு வாட்சின், அந்த ஓர் அடியின் கதை.

லக் ஏன் முதலில் போகிறது என்பதற்கு நம் கோயில் மண்டபத்தைப் பாருங்கள். கல்தூண் எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் தாங்கும், அழுத்தம்தானே. ஆனால் இரண்டு தூணுக்கு நடுவே படுத்திருக்கும் கல் உத்திரத்தை அதிக நீளம் விட்டால், வளைவு தாங்காமல் அடிப்பக்கம் விண்டுவிடும். அதனால்தான் தூண்களை அவ்வளவு நெருக்கமாக நிறுத்தினார்கள். செராமிக்கும் கல்லின் இனம். அழுத்தினால் அசையாது, வளைத்தால் போய்விடும். கேஸின் நடுப்பகுதி தூண் மாதிரி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லக், மெல்லிய பெசல் வளையம், செராமிக் பட்டையின் கண்ணிகள், இவைதான் உத்திரம்.

சர்வீஸ் சென்டரில் ஒரே பதில்தான்: கேஸை மாற்ற வேண்டும். ஸ்டீலில் பள்ளம் விழுந்தால் லேசர் வெல்டிங்கில் நிரப்பிப் பாலிஷ் போடலாம். செராமிக்கில் அந்த வழியே கிடையாது. நான் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். வெளியே வந்து டவுன்ஹால் பக்கம் எனக்குப் பழக்கமான ரிப்பேர் கடைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணில் லூப்பை, அதாவது பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை, மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "பின்னு ஓட்டை தப்பிச்சிருச்சுங்க தம்பி. பட்டை நிக்கும். ஒட்டவெல்லாம் வேண்டாம், அசிங்கமா இருக்கும். இப்படியே கட்டுங்க" என்றார். காசு வாங்கவில்லை. அப்படியேதான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, அதிக நாள் வருமா என்றால்: ஸ்டீல் வாட்ச் உங்களோடு சேர்ந்து வயதாகும், பத்து வருடத்தில் நூறு கீறல் இருக்கும், உயிரோடும் இருக்கும். செராமிக் பத்து வருடம் கழித்தும் கடையில் வாங்கிய அன்று மாதிரியே இருக்கலாம், அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடலாம். நடுவில் ஒரு நிலை கிடையாது. அடிக்கடி கழற்றி மாட்டுபவர், பைக்கைத் தள்ளும்போது கையை இடித்துக்கொள்பவர், தரையெல்லாம் டைல்ஸ் உள்ள வீட்டில் குழந்தை கையில் வாட்சைக் கொடுப்பவர், ஸ்டீலோ டைட்டானியமோ வாங்குங்கள். கீறலைக் கண்டால் தூக்கம் வராதவர், நிக்கல் பட்டால் தோல் தடிப்பவர், பொறுமையாக நடக்கிறவர் என்றால் செராமிக் நன்றாகவே ஒத்துவரும். கறுப்பு நிறம்தான் ஆசை என்றால் கறுப்புப் பூச்சு பூசிய ஸ்டீலைவிட இது எவ்வளவோ மேல். பூச்சு ஓரங்களில் தேய்ந்து வெள்ளை தெரியும், இதில் தேய எதுவும் இல்லை. எனக்கு இப்போது மறுபடி வாங்க வாய்ப்பு வந்தால், உடம்பு ஸ்டீலாகவும் பெசல் மட்டும் செராமிக்காகவும் இருப்பதைத்தான் எடுப்பேன்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பணம் கொடுக்கும் முன் மாற்றுக் கேஸ் என்ன விலை என்று கடையில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு தகவல். கழற்றினாலும் கையிலேயே வளையமாகத் தொங்கும் மடிப்புக் கொக்கி வைத்த மாடலாகப் பாருங்கள். என் வாட்ச் விழுந்ததற்குக் காரணம் சாதாரண பெல்ட் கொக்கி. செராமிக் பட்டையில் கண்ணி குறைக்க வேண்டுமென்றால், ஆணியும் சுத்தியும் வைத்துத் தட்டுகிற கடையில் கொடுக்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் லூப் வைத்து நான்கு லக்கையும் பாருங்கள், பெசல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பானை வாங்குவது மாதிரி தட்டிப் பார்க்க வேண்டாம்.

அந்தத் துணுக்கு இன்னும் என் மேசை டிராயரில் ஒரு பழைய இன்சர்ட் டப்பாவில் இருக்கிறது. போன வாரம் என் மகள் அதை எடுத்து, "இது என்னப்பா?" என்றாள். இடுக்கியில் பிடித்துக் கொடுத்து, ஸ்டீல் ஸ்கேலின் பின்பக்கம் கோடு போடச் சொன்னேன். போட்டாள். அப்புறம் ரப்பரால் அழிக்கப் பார்த்தாள், போகவில்லை.