சீழ்க்கட்டிக்குக் குழாய் வைப்பதைக் கண்டு அஞ்ச வேண்டுமா?

கேள்வி: என் தந்தையாருக்கு 64 வயது. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளது. இரண்டு வாரமாகக் குளிர்காய்ச்சலும், வலது விலாவுக்குக் கீழே வலியும் இருந்தன. கல்லீரலில் 7 செ.மீ. அளவுக்குச் சீழ்க்கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. நான்கு நாள்களாக ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே குழாய் செருகிச் சீழை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இன்னும் வீரியமான மருந்து கொடுத்தால் போதாதா? வயிற்றில் குழாய் என்றதும் வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறோம்.

பதில்: உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்கள் தந்தையாரின் மருத்துவர்கள் சொல்வது சரியான யோசனை என்றே கருதுகிறேன். ஆன்டிபயாட்டிக் மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் கிருமி இருக்கும் இடத்தைச் சென்றடைகிறது. சீழ்க்கட்டியின் நடுவிலோ இரத்த ஓட்டமே கிடையாது. சுற்றிலும் உடலே எழுப்பிய தடித்த சுவர் இருக்கிறது. 7 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்று கணக்கிட்டால் அதனுள்ளே ஏறக்குறைய 180 மி.லி., அதாவது ஒரு டம்ளர் அளவுக்குச் சீழ் தேங்கியிருக்கும். அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் நாள்கள்தான் வீணாகும். அதற்குள் கிருமி இரத்தத்தில் கலந்துவிடும் அபாயமும் உண்டு. சர்க்கரை நோயாளிகளின் விஷயத்தில் இந்தத் தாமதத்தை நான் சிறிதும் விரும்புவதில்லை.

கல்லீரல் கட்டி எல்லாவற்றுக்கும் குழாய் தேவைப்படும் என்று இதற்குப் பொருளல்ல. சிறிய கட்டிகள் மருந்திலேயே ஆறுவதுண்டு. அமீபாவால் வந்த கட்டியாக இருந்தால் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மருந்துக்கே கட்டுப்பட்டுவிடும். கட்டி பெரிதாக இருந்தாலோ, உடைந்துவிடும் நிலையில் இருந்தாலோ, சில நாள் மருந்து கொடுத்தும் காய்ச்சல் தணியாவிட்டாலோதான் சீழை வெளியேற்றுவது அவசியமாகிறது. உங்கள் தந்தையாருக்கு இவற்றில் இரண்டு காரணங்கள் பொருந்துகின்றன.

இது வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை அன்று. அவரைப் படுக்கவைத்து, ஜெல் தடவி, ஸ்கேன் கருவியால் கட்டியைப் பார்ப்பார்கள். திரையில் கல்லீரல் சாம்பல் நிறத்திலும், கட்டி அதன் நடுவே கறுத்த குழிபோலவும் தெரியும். இரத்தக்குழாய், குடல், நுரையீரலின் உறை ஆகியவற்றில் படாத பாதையைத் தேர்ந்தெடுத்து, தோலை மரத்துப்போகச் செய்த பிறகு ஊசியை உள்ளே செலுத்துவார்கள். அதன் நுனி கட்டியை நோக்கி நகர்வது பெரும்பாலும் திரையில் வெண்கோடாகத் தெரிந்துகொண்டே இருக்கும். ஊசி கட்டிக்குள் சென்றதும் அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, அந்தக் கம்பியின் மேலாகக் குழாயை நகர்த்தி உள்ளே வைப்பது வழக்கம். இரத்தக்குழாய்ப் பரிசோதனைக்காக ஸ்வீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட இந்த எளிய உத்தி, பிற்காலத்தில் எத்தனையோ நோயாளிகளைப் பெரிய அறுவைச் சிகிச்சையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

குழாயின் நுனி பன்றிவால்போல் சுருண்டுகொள்வதால் எளிதில் நழுவாது. மருத்துவக் குறிப்பில் '12 ஃபிரெஞ்ச்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அஞ்சிவிடாதீர்கள். 3 ஃபிரெஞ்ச் என்பது 1 மி.மீ. என்பதால் அது வெறும் 4 மி.மீ. தடிமன்தான். மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று வலிக்கும். குழாய் நுழையும்போது உள்ளே அழுத்துவதுபோல் இருக்கும்.

இரத்தம் உறையும் தன்மையையும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே பரிசோதிப்பார்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை அவர் சாப்பிடுகிறார் என்றால், யாரும் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்களாக அவற்றை நிறுத்த வேண்டாம். இரத்தக்கசிவும், பக்கத்து உறுப்பில் ஊசி படுவதும் அரிதாக நேரக்கூடியவை. சீழ் வடியத் தொடங்கிய சில மணி நேரத்தில் நடுக்கத்துடன் காய்ச்சல் வரலாம்; உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள். எடுத்த சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார்கள். பொதுவாக இரண்டு மூன்று நாள்களில் வரும் அந்த முடிவைப் பார்த்தே எந்த மருந்து பொருந்தும் என்று உறுதி செய்வார்கள். ஆகவே குழாய் வைத்தாலும் மருந்து தொடரும்.

கேள்வி: குடல்வால் வெடித்ததால் உண்டான சீழ்க்கட்டிக்காக என் கணவருக்குக் குழாய் வைத்து, அதனுடனேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சல் போய்விட்டது. பையில் எதுவும் இறங்குவதில்லை. குழாயை எடுத்துவிடலாம் அல்லவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பையில் எதுவும் இறங்காததற்குச் சீழ் வற்றிவிட்டதுதான் காரணம் என்று எண்ணிவிட முடியாது. குழாய் மடங்கியோ, கெட்டிச் சீழால் அடைத்தோ, இடம் மாறியோ இருக்கலாம். முதலில், அவர் படுத்திருக்கும்போது குழாய் முதுகுக்கோ இடுப்புக்கோ அடியில் நசுங்குகிறதா என்று பாருங்கள். நேற்றுவரை நன்றாக வடிந்துகொண்டிருந்து இன்று திடீரென்று நின்றிருந்தால், அடைப்பு என்றே சந்தேகிக்க வேண்டும். சலைன் நீரைச் சிறிதளவு செலுத்திக் குழாயைக் கழுவுவதற்கு உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், சொன்ன அளவிலேயே செய்யுங்கள். நீர் உள்ளே போக மறுத்தாலோ வலித்தாலோ வலிந்து தள்ளாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, வடிந்த அளவு, நிறம் ஆகியவற்றைத் தினமும் எழுதிவையுங்கள். கழுவுவதற்காகச் செலுத்திய நீரை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு எழுதுங்கள். பார்க்கச் சிறிய வேலையாகத் தோன்றினாலும், குழாயை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்க எங்களுக்கு இதைவிட உதவுவது அதிகமில்லை. ஒரு நாளில் வடிவது 10 முதல் 20 மி.லி.க்கும் கீழே வந்து, காய்ச்சல் இல்லாமல், ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருப்பது தெரிந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். அளவு குறையாமல் பல நாள் நீடித்தாலோ, மலம் கலந்ததுபோல் வந்தாலோ, குடலுக்கும் கட்டிக்கும் இடையே துளை இருக்கிறதா என்று தேட வேண்டும். குழாய் தானாகக் கழன்று வந்துவிட்டால் அதைத் திரும்பச் செருக முயலாமல், சுத்தமான துணியால் அந்த இடத்தை மூடிக்கொண்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பாலூட்டும் தாய் நான். மார்பில் சீழ் கட்டியிருக்கிறது. கீறி எடுத்தாக வேண்டுமா? பாலை நிறுத்த வேண்டுமா?

பதில்: மேல்தோல் நைந்துபோகாமல் இருந்தால், பெரும்பாலும் ஸ்கேன் உதவியுடன் ஊசியால் உறிஞ்சி எடுப்பதே போதும், சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை எடுக்க நேரலாம். பாலை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலி கூடும். குழந்தையால் அந்தப் பக்கம் வாய்வைக்க முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சியாவது எடுத்துவிடுங்கள். மருத்துவர் மருந்து எழுதும்போது, பாலூட்டுகிறேன் என்று மறவாமல் சொல்லுங்கள்.