ஆங்கிலத்தில் ‘சைனீஸ்’, ‘இந்தியன்’ எல்லாம் ஏன் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன? பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

உங்கள் பிள்ளை தொடக்கநிலை நான்கோ ஐந்தோ படிக்க வேண்டும். ஆங்கிலத் தாளில் பிழை திருத்தும் எடிட்டிங் பகுதியில் மதிப்பெண் போயிருக்க வேண்டும். சரிதானே?

பெரிய எழுத்து விஷயம் ஒரு வரியில் முடியும். சைனா என்ற பெயரிலிருந்து பிறந்தது சைனீஸ், விக்டோரியாவிலிருந்து விக்டோரியன். பெயருக்கு உள்ள மரியாதை அதிலிருந்து வந்த அட்ஜெக்டிவுக்கும், அதாவது பெயரடைக்கும், உண்டு. பிள்ளைகளுக்கு இது தெரியும். போனில் தட்டினால் தானாகவே பெரிய எழுத்து விழுந்துவிடுகிறது, அதனால் கையால் எழுதும்போது கோட்டை விடுகிறார்கள்.

தொல்லை கொடுப்பது பெயரின் கடைசியில் ஒட்டும் வால்தான். இந்தியாவுக்கு இந்தியன், ஜப்பானுக்கு ஜப்பானீஸ், டென்மார்க்குக்கு டேனிஷ், நெதர்லாந்துக்கோ டச்சு. விதி தேடாதீர்கள். உணவங்காடிக்குக் கூட்டிப் போய்க் கடைப் பலகைகளை வாசிக்கச் சொல்லுங்கள். ஹைனனீஸ் சிக்கன் ரைஸ், இந்தியன் ரோஜாக். அங்கேயே காத்தோங் லக்சாவும் இருக்கும், ஊர்ப்பெயர் வாலே இல்லாமல். (பலகையில் பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்தாகவே இருக்கும், முதல் பாடத்துக்கு அது உதவாது.)

இந்த வாலில்லாத ரகத்துக்காக அலுவலகத்தில் நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். சரக்கு அனுப்பும் கம்பெனியில் விலைப்பட்டியல் தயாரிப்பது என் வேலை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த புது மேனேஜர், நம்ம பையன்தான், நான் எழுதிய ‘சிங்கப்பூர் டாலர்’ மேல் சிவப்பு மையில் ‘சிங்கப்பூரியன்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். கேட்டால், “கிராமர் அங்கிள், அட்ஜெக்டிவ் வரணும்” என்றார். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். அங்கே சிங்கப்பூர் டாலர்தான். சிங்கப்பூர் ரிவர், சிங்கப்பூர் ஸ்லிங் எல்லாம் இதே வகை. ஆட்களையும் அவர்கள் பேச்சையும் சொல்லும்போதுதான் சிங்கப்பூரியன் நன்றாகப் பொருந்தும். பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

‘சிங்கப்பூரியன் டாலர்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்களே என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். இருக்கிறார்கள்தான். நான் உயர்நிலைப் பள்ளி ஓ லெவல் தேர்வோடு நின்றவன், ஆனால் ஆங்கிலக் கடிதம் எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றியவன்.

இத்தனைக்கும் என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு “இந்தியாவிலே படிச்சீங்களா?” என்பார்கள். தாத்தா காலத்திலிருந்து இங்கே சிங்கப்பூரில்தான் இருக்கிறோம். அக்காள் மகன் வாடகைக்கு வீடு தேடியபோது விளம்பரத்திலேயே ‘நோ இந்தியன்ஸ்’ என்று போட்டிருந்தது. எழுத்துப்பிழை இல்லை, பெரிய எழுத்துகூடச் சரி. ஏஜெண்டுக்குப் போன் அடித்துக் கேட்டால் ஓனர் விருப்பமாம். அதைப் பேசினால் விடிந்துவிடும்.

ஃபிரெஞ்சு ஃபிரைஸ் மட்டும் சில இடங்களில் சின்ன எழுத்தில் வரும், அதுவும் தப்பில்லை. பரீட்சையில் பெரிய எழுத்தே போடச் சொல்லுங்கள்.