நகர மறுத்த சாமி

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ரோம் பாடம். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் கிரேக்கக் கடவுள்கள், மறுபக்கம் ரோமானியக் கடவுள்கள் என்று எழுதிப் போட்டேன். ஜீயஸ் – ஜூபிடர், ஹீரா – ஜூனோ, ஏரிஸ் – மார்ஸ், அஃப்ரோடைட்டி – வீனஸ். நான் படிக்கும்போது எனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “அப்ப ரோமாபுரிக்காரங்களுக்குச் சொந்தமா சாமியே இல்லையா டீச்சர்? எல்லாமே காப்பியா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று உட்காரவைத்துவிட்டேன்.

அவன் கேட்டது சரிதானா? இதற்கென்று என்னால் ஒரே ஒரு பீரியட்தான் ஒதுக்க முடியும். ஒரே ஒரு ரோமானியச் சாமியைப் பற்றிச் சொல்லலாம் என்றால், யாரைச் சொல்லட்டும்?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ரோமானிய மதத்தைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவன் கேட்டிருக்கிறான். அவனுக்குச் சொல்லவேண்டிய பதில், இல்லை என்பது. அவர்களுக்குச் சொந்தச் சாமிகள் ஏராளம். அந்த அட்டவணையில் அவர்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

அட்டவணை பொய் என்று சொல்ல மாட்டேன். ரோமானியர்களே போட்டதுதான் அது. ஆனால் எந்த நேரத்தில் போட்டார்கள் என்று பாருங்கள். கி.மு. 217இல் டிராசிமீன் ஏரிக்கரையில் கார்த்தேஜ் தளபதி ஹானிபல் ஒரு ரோமானியப் படையையே அழித்துவிட்டான். நகரம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆபத்துக் காலத்தில் மட்டும் பிரிக்கிற சிபில் ஏடுகளை எடுத்துப் பார்க்கச் சொன்னது செனட். அந்த ஏடுகள் கிரேக்க மொழியில் இருந்தவை. அதில் கண்டபடி பன்னிரண்டு தெய்வங்களுக்கு மூன்று நாள் விருந்து வைத்தார்கள். ரோமானியர்கள் விருந்தில் சாய்ந்து படுத்துத்தான் சாப்பிடுவார்கள், சாமிகளுக்கும் அதே மரியாதை. ஆறு மஞ்சங்கள், மஞ்சத்துக்கு ஒரு ஜோடி. ஜூபிடரும் ஜூனோவும், நெப்டியூனும் மினர்வாவும், மார்ஸும் வீனஸும், அப்பல்லோவும் டயானாவும், வல்கனும் வெஸ்டாவும், மெர்க்குரியும் செரிஸும். மார்ஸையும் வீனஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, ஏரிஸும் அஃப்ரோடைட்டியும் காதலர்கள் என்ற கிரேக்கக் கதையை வைத்துத்தான். உயிர்ப் பயத்தில் இருந்த ஊர், தன் சாமிகளை அயலூர் முறைப்படி உட்காரவைத்துச் சோறு போட்டது. உங்கள் கரும்பலகைக்கு வந்த வரிசையின் தொடக்கங்களில் ஒன்று இது.

அவர்கள் வெளியூர்ச் சாமிகளைக் கொண்டுவந்ததும் உண்டு. அதை மறைக்கவே இல்லை. கொள்ளைநோய் வந்தபோது கிரேக்கத்தின் எபிடாரஸிலிருந்து மருத்துவக் கடவுள் ஈஸ்குலேப்பியஸை அழைத்துவந்து, கி.மு. 291இல் டைபர் நதித் தீவில் கோயில் கட்டினார்கள். கி.மு. 204இல் ஆசியாவிலிருந்து மகாமாதாவை ஒரு கறுப்புக் கல்லாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அப்பல்லோவுக்குப் பெயரைக்கூட மாற்றவில்லை. காப்பி அடிக்கிறவன் இப்படி ஆண்டையும் ஊரையும் குறித்துவைப்பானா? அப்புறம், ஜூபிடர் – ஜீயஸ் விஷயம் வேறு. இரண்டு பெயருக்கும் வேர் ஒன்று, ரிக்வேதத்தின் ‘த்யௌஸ் பிதா’வுக்கும் அதே வேர்தான். ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிகளை அசல், நகல் என்று பிரிக்க முடியாது.

அட்டவணை எங்கே உடைகிறது என்று காட்ட மார்ஸ் ஒருவரே போதும். ஹோமரின் ஏரிஸ் இரத்த வெறி பிடித்தவன். தேவர்களிலேயே எனக்கு உன்னைத்தான் அறவே பிடிக்காது என்று பெற்ற தகப்பன் ஜீயஸே சொல்கிறான். மார்ஸோ ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் தகப்பன், ரோமானியர்களுக்கெல்லாம் மூதாதை. போர் அவர் பொறுப்பில் இருந்தது உண்மை. வயலும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய விவசாயக் கையேடு இன்றும் இருக்கிறது. முழுதாகக் கிடைத்திருக்கும் லத்தீன் உரைநடை நூல்களில் அதுதான் பழையது. அதில் ஒரு வேண்டுதல் வருகிறது. பால்குடி மறக்காத பன்றிக்குட்டி, ஆட்டுக்குட்டி, கன்று மூன்றையும் நிலத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு போகவேண்டும். பிறகு சொல்லவேண்டும்: மார்ஸ் அப்பனே, கண்ணுக்குத் தெரிகிற நோயையும் தெரியாத நோயையும் தள்ளி நிறுத்து, விளைச்சல் பொய்க்காமல் பார்த்துக்கொள், தானியமும் திராட்சையும் நன்றாக வரட்டும், மேய்ப்பவர்களையும் மந்தையையும் காப்பாற்று. பலியில் நல்ல சகுனம் தெரியாவிட்டால், இதில் உனக்கு ஏதாவது குறை இருந்தால் இதோ ஈடு செய்கிறேன் என்று சொல்லி மறுபடி ஒன்று கொடுக்கவேண்டும். ஏரிஸிடம் போய் எவனாவது கதிர் நன்றாக வரவேண்டும் என்று கேட்பானா?

ரோமானியச் சாமியிடம் ‘நீ யார், உன் கதை என்ன’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ‘உனக்கு என்ன செய்தார்கள், எந்த நாளில், எந்த இடத்தில்’ என்று கேட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டும். உங்கள் ஒரு பீரியடுக்கு நான் டெர்மினஸைச் சொல்வதும் அதனால்தான்.

பஸ் டெர்மினஸ் என்கிறோமே, அதே டெர்மினஸ்தான். அது ஒரு சாமியின் பெயர் என்று சொல்லித் தொடங்கினாலே கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்காரும். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு எல்லைக்கல் என்று பொருள். கல்லுக்கும் அதுதான் பெயர், சாமிக்கும் அதுதான் பெயர். கல்லுக்குள் சாமி இருக்கிறார் என்றுகூட அவர்கள் பிரித்துச் சொல்லவில்லை. கல்லாயிருந்தாலும் சரி, வயலில் புதைத்த மரக்கட்டையாயிருந்தாலும் சரி, நீயும் தெய்வம்தான் என்கிறார் கவிஞர் ஓவிட்.

பிப்ரவரி 23 அவருக்குத் திருவிழா. ஓவிட் அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார். கல்லுக்கு இந்தப் பக்கத்து நிலக்காரரும் அந்தப் பக்கத்து நிலக்காரரும் வருகிறார்கள். ஆளுக்கொரு மாலை, ஆளுக்கொரு பணியாரம். அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் மாலையைச் சூட்டுகிறார்கள். வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பை உடைந்த ஓட்டில் அள்ளிக்கொண்டு வருகிறாள் வீட்டுக்காரி. கிழவர் விறகு பிளந்து அடுக்குகிறார். காய்ந்த பட்டையை வைத்துத் தீயைப் பிடிக்கவைக்கிறார்கள். பையன் அகலமான கூடையோடு நிற்கிறான், அதிலிருந்து தானியத்தை மூன்று முறை தீயில் போட்டதும் சின்ன மகள் அறுத்த தேனடையை நீட்டுகிறாள். மற்றவர்கள் கையில் மதுவோடு, வெள்ளை உடுத்தி, வாய் திறக்காமல் நிற்கிறார்கள். ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைக் கல்லில் தெளிக்கிறார்கள். பிறகு இரண்டு வீட்டாரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, பாடுகிறார்கள். நீ இல்லாவிட்டால் வயலெல்லாம் வழக்காய்ப் போயிருக்கும் என்பது அந்தப் பாட்டில் ஒரு வரி.

வரப்புத் தகராறு இரண்டு தலைமுறைப் பேச்சுவார்த்தையை அறுத்துப்போட்டதை எங்கள் ஊரில் பார்த்து வளர்ந்தவன் நான். வருடத்தில் ஒரு நாள் இரண்டு பக்கத்துக்காரனும் ஒரே கல்லுக்கு மாலை போட்டுத்தான் ஆகவேண்டும் என்று வைத்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கல் நடும் முறை இதைவிட அழகு. சிக்குலஸ் ஃபிளாக்கஸ் என்ற ரோமானிய நில அளவையாளர் எழுதிவைத்திருக்கிறார். கல்லுக்கு எண்ணெய் தடவி, துணியும் மாலையும் சுற்றி ஓரமாக நிறுத்துவார்கள். தோண்டிய குழிக்குள் தீ மூட்டி, பலியின் இரத்தம், சாம்பிராணி, தானியம், தேனடை, மது எல்லாவற்றையும் அதில் போடுவார்கள். எல்லாம் எரிந்து அடங்கியதும், சூடு ஆறாத சாம்பல்மேலேயே கல்லை இறக்கி இறுக்குவார்கள். ஒரு தலைமுறை கழித்துக் கல்லைப் பற்றிச் சந்தேகம் வந்தால், அடியில் தோண்டிப் பார்த்தால் போதும். சாம்பலும் கரியும் இருந்தால் அது எல்லைக்கல்தான். பூசையே பத்திரம். அந்தக் கல்லை ஏர் ஓட்டிப் பெயர்ப்பவனும் அவன் மாடுகளும் தெய்வத்துக்குச் சபிக்கப்பட்டவர்கள் என்று ஒரு சட்டமும் இருந்தது. நூமா அரசன் போட்டது என்பார்கள்.

நகர மறுத்த கதையைக் கடைசியாகச் சொல்லுங்கள். கேப்பிட்டல் குன்றின்மேல் ஜூபிடருக்குப் பெரிய கோயில் எழுப்பத் தொடங்கினான் டார்க்வின் அரசன். அங்கே ஏற்கெனவே வேறு சாமிகளின் சிறு கோயில்கள் இருந்தன. இடிப்பதற்கு முன்னால், பறவைச் சகுனம் பார்த்து ஒவ்வொரு சாமியாகக் கேட்டார்கள், இடத்தைக் காலி செய்ய உங்களுக்குச் சம்மதமா என்று. மற்றவர்கள் சம்மதித்தார்கள். டெர்மினஸ் முடியாது என்றுவிட்டார். அரசன் என்ன செய்தான்? அவரை அப்படியே உள்ளே வைத்துச் சுற்றிக் கோயிலைக் கட்டினான். கி.மு. 509இல் குடமுழுக்கு நடந்தது என்பது மரபு. டெர்மினஸுக்குத் தலைக்குமேல் வானம் தெரியவேண்டும், ஆகவே ஜூபிடர் கோயிலின் கூரையில் அவருக்காக ஒரு சின்ன ஓட்டை விட்டார்கள். தன் காலத்திலும் அது இருந்தது என்கிறார் ஓவிட். தேவர்களுக்கெல்லாம் அரசனின் வீடு, அதன் கூரையில் ஒரு எல்லைக்கல்லுக்காக ஓட்டை!

இவருக்குக் கிரேக்கத்தில் எதிர்ப்பக்கம் யார் என்று கரும்பலகையில் எழுதுவீர்கள்?

நேரம் மிஞ்சினால் அடுப்பு நெருப்பின் தெய்வமான வெஸ்டாவைப் பற்றி இரண்டு வார்த்தை. அட்டவணையில் ஹெஸ்டியாவுக்கு எதிரே வருவாள். ஆனால் ரோமின் நடுமன்றத்தில் அவளுக்கிருந்த வட்டக் கோயிலுக்குள் சிலையே கிடையாது. உள்ளே சிலை இருக்கிறது என்று ரொம்ப நாள் முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கே நெருப்பு மட்டும்தான் என்று பிறகுதான் தெரிந்தது என்று ஓவிடே ஒத்துக்கொள்கிறார். அந்த நெருப்பைக் காக்க ஆறு பெண்கள். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தேர்ந்தெடுத்து, முப்பது வருடம் கன்னியாக வைத்திருப்பார்கள். பத்து வருடம் கற்க, பத்து வருடம் செய்ய, பத்து வருடம் கற்பிக்க. உங்கள் வகுப்புப் பிள்ளைகளைவிடச் சின்னவர்கள். இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள்.

கேட்டோவின் கையேட்டுக்கே திரும்ப வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த வரி அங்கேதான் இருக்கிறது. தோப்பில் மரங்களைக் கழிக்கவேண்டும். அது யாருடைய தோப்பு என்று தெரியாது. மனிதரைச் சொல்லவில்லை, எந்தச் சாமிக்குரியது என்று தெரியாது. அப்போது ஒரு பன்றியைப் பலியிட்டு இப்படித் தொடங்கவேண்டும் என்கிறார்: “நீ ஆண் தெய்வமோ பெண் தெய்வமோ, யாருக்கு இந்தத் தோப்பு உரியதோ...” ரோமின் பாலட்டைன் குன்றில் இதே சொற்களோடு ஒரு பலிபீடமே கிடைத்திருக்கிறது. பெயர் தெரியாது, உருவம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. ஆனால் இது உன்னுடையது, கேட்காமல் கைவைக்க மாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

ஒரு வேண்டுகோள். அட்டவணையில் மூன்றாவது பத்தி சேர்த்து, ஜூபிடர் – இந்திரன், ஜேனஸ் – விநாயகர் என்று பிள்ளைகளுக்கு நெருக்கமாக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1784இலேயே அதைச் செய்துபார்த்துவிட்டார். ஜேனஸையும் விநாயகரையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் கும்பிடுகிற சாமிகள் என்ற ஒரு பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால், இரண்டு பேரும் கையைவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜேனஸ் கதவுக்குரியவர், உள்ளே ஒரு முகமும் வெளியே ஒரு முகமும் பார்ப்பவர். நம் ஜனவரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

ரோமானியர்களை நல்ல பிள்ளைகளாக ஆக்கிவிடவும் வேண்டாம். டெர்மினஸ் விழாவை அத்தனை அன்போடு எழுதிய ஓவிட், மற்ற இனங்களுக்கு எல்லையிட்ட நிலம் கொடுக்கப்பட்டிருக்கிறது, ரோமுக்கோ நகரமும் உலகமும் ஒரே அளவு என்று அதே பாட்டில் பெருமை பேசுகிறார். கி.பி. 303இல் கிறித்தவர்களை ஒடுக்கத் தொடங்குவதற்குப் பேரரசர் டயோக்ளீஷியன் தேர்ந்த நாளும் பிப்ரவரி 23தான். அந்த மதத்துக்கு முடிவுகட்டும் நாளாக இருக்கட்டும் என்று அதைத் தேர்ந்தார்கள் என அக்காலக் கிறித்தவ எழுத்தாளர் லேக்டான்ஷியஸ் எழுதுகிறார். பக்கத்து வயல்காரனோடு சேர்ந்து உட்காரவைத்த சாமியின் நாள்.

90 வருடத்துக்குள் எல்லாம் தலைகீழானது. கி.பி. 392 நவம்பரில் தியோடோசியஸ் பேரரசர் பெயரில் ஒரு சட்டம் வந்தது. பழைய சாமிகளுக்கான வழிபாடு வீட்டுக்குள்கூடக் கூடாது. பையன் கேட்ட கேள்விக்கு அந்தச் சட்டத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. எதையெல்லாம் மக்கள் செய்துகொண்டிருந்தார்களோ அதையெல்லாம் எண்ணித்தானே தடைபோட முடியும்? சட்டத்தின் அந்தப் பகுதியில் ஜூபிடர் பெயரோ மார்ஸ் பெயரோ இல்லை. வீட்டைக் காக்கும் லாருக்கு நெருப்புக் காட்டக் கூடாது. ஒவ்வொரு மனிதனோடும் கூடப் பிறக்கிற ஜீனியஸுக்கு மது வார்க்கக் கூடாது. உக்கிராணத்தைக் காக்கும் பெனாட்டீஸுக்கு நறுமணம் போடக் கூடாது. விளக்கு ஏற்றக் கூடாது. சாம்பிராணி வைக்கக் கூடாது. மாலை தொங்கவிடக் கூடாது. மரத்துக்கு நாடா கட்டக் கூடாது, புல்கரணையைப் பெயர்த்துப் பீடம் கட்டக் கூடாது. மீறினால், எந்த வீட்டில் செய்தார்களோ அந்த வீடு போய்விடும், எந்த நிலத்தில் செய்தார்களோ அந்த நிலம் போய்விடும்.

அன்புடன்.