மிச்சக் கட்டங்கள்

அன்புள்ள ஐயா,

கூடைப்பந்து வீரர் டேமியன் லில்லர்ட் பதினொரு சீசன் போர்ட்லாண்ட் அணிக்கு ஆடியவர். 2023இல் மயாமி அணிக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டார்கள். இது துரோகம் இல்லையா? அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இப்போது கடிவாளம் வீரர்கள் கையில் என்கிறார்களே? லூக்கா டோன்சிச்சை டல்லாஸ் அணி சொல்லாமல் கொள்ளாமல் மாற்றியதும் இதே கதைதானே?

ச.

அன்புள்ள ச.,

டோன்சிச் எதையும் கேட்கவே இல்லை, அவர் கதை வேறு. விசுவாசம், துரோகம் எல்லாம் ரசிகர் மன்றத்துப் பேச்சு. ஒப்பந்தத்தைப் பார்க்காமலே கண்ணைக் கசக்குகிறீர்களே என்று கோபம்தான் வந்தது. ஆனால் உங்கள் கடிதம் என் பழைய காயத்தைத் தொட்டுவிட்டது.

முதல் வேலையில் இடமாற்ற மனுவில் ஊர் எழுத மூன்று கட்டம் இருக்கும். நான் ஒரே ஊரை எழுதி, மற்ற இரண்டிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பெரிய வீரம் என்று நினைப்பு. தலைமை எழுத்தர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். “மிச்ச ரெண்டையும் அவங்க நிரப்பிப்பாங்க தம்பி” என்றார். நிரப்பினார்கள். நான்கு வருடம் அவர்கள் எழுதிய ஊரில்தான் கிடந்தேன்.

லில்லர்ட் போட்டதும் அந்தக் கோடுதான். முந்தைய வருடம்தான் 2026-27 வரை ஒப்பந்தத்தை நீட்டியிருந்தார். போர்ட்லாண்டுக்கு என்ன அவசரம்? மயாமிதான் எதற்கு விலையை ஏற்றும், ஏலத்தில் நிற்பதே அவர்கள் மட்டும் என்றால்? மற்ற அணிகளை அவருடைய முகவர் அதைரியப்படுத்தினார் என்ற பேச்சு கிளம்பி, லீக்கே சுற்றறிக்கை விட்டு எச்சரித்தது. ஜூலை 1 அன்று கேட்டார். செப்டம்பர் 27 வரை போர்ட்லாண்ட் அசையவில்லை. கடைசியில் ஜ்ரூ ஹாலிடே, டிஆண்ட்ரே ஏட்டன் என்ற வீரர்களை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பியது. சில நாளில் ஹாலிடேயையும் பாஸ்டனுக்குத் தள்ளி இன்னொரு சுற்று லாபம் பார்த்தது.

நியூ ஆர்லியன்ஸ் அணியில் இருந்த அந்தோணி டேவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் மாற்றம் கேட்டார், வெளிப்படையாகக் கேட்டதற்கு 50,000 டாலர் அபராதமும் கட்டினார். ஆனால் 2020 கோடையில் அவர் ஒப்பந்தத்திலிருந்து விலகிப் போகலாம். நியூ ஆர்லியன்ஸ் இழுத்தடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. 2019 கோடையிலேயே, கேட்டபடி, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். காலண்டர் அவர் பக்கம் இருந்தது ஐயா, காலண்டர்! ஒப்பந்தம் முடியப்போகிறவன் மெதுவாகச் சொன்னாலே கேட்கும். நான்கு வருடம் பாக்கி வைத்திருப்பவன் கத்தினாலும் கேட்காது. இதை விட்டுவிட்டு வீரர்கள் கையில் கடிவாளம், முதலாளிகள் கையில் கடிவாளம் என்று பட்டிமன்றம் நடத்தாதீர்கள்.

கடிவாளம் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. என் சம்மதமில்லாமல் என்னை மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. லீக்கில் எட்டு வருடமும் அதே அணியில் நான்கு வருடமும் ஆடியவர்தான் அதைக் கேட்கவே முடியும். பதினொரு சீசன் ஆடிய லில்லர்டிடம் 2023இல் அந்த வரி இல்லை.

2025 ஏப்ரலில் அவருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. மில்வாக்கி கைகழுவியது. ஜூலையில் போர்ட்லாண்டே திரும்ப அழைத்தது: 3 வருடம், 42 மில்லியன் டாலர். அடுத்த சீசன் களமிறங்குவதே சந்தேகம் என்ற நிலையில், இந்த முறை அந்த வரியைக் கேட்டு வாங்கித்தான் கையெழுத்துப் போட்டார்.