"எல்லா காருக்கும் ஒரே மெஷின்" – 22,000 ரூபாயை அனுப்பும் முன்

கேள்வி: சேலம் பழைய பேருந்து நிலையம் பக்கம் சாவிக்கடை வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவி, பைக் சாவி, சிப் இல்லாத கார் சாவி வெட்டுவேன். இப்போது வருகிற கார்களில் பாதிக்கு மேல் சிப் சாவி. திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. டெல்லி வியாபாரி ஒருவர், "எல்லா காருக்கும் ஒரே மெஷின், வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம், 22,000 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார். இன்னொருவர் டேப்லெட் மாதிரி ஒரு மெஷினைக் காட்டி லட்சத்துக்கு மேல் சொல்கிறார். எதை வாங்குவது? ஏற்காட்டில் சாவி தொலைத்தவர்களும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பதில்: முதலில், அந்த 22,000 ரூபாயை அனுப்பாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

சிப் சாவியில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. சாவியின் தலைக்குள் அரிசி அளவில் பேட்டரி இல்லாத ஒரு சிப். இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் காயில் (கம்பிச்சுருள்) அதை 125 கிலோஹெர்ட்ஸில் விசாரிக்கும். சரியான பதில் வந்தால்தான் இன்ஜின் ஓடும். வராவிட்டால் செல்ஃப் எடுக்கும், ஸ்டார்ட் ஆகாது. அல்லது ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் அணைந்துவிடும். கதவு திறக்கும் ரிமோட் வேறு. அதற்கு பேட்டரி உண்டு, நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும். ரிமோட் வேலை செய்கிறது என்பதால் சிப்பும் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற ரிமோட்டுகளில் பல 315 மெகாஹெர்ட்ஸ். பார்க்க அச்சு அசலாக இருக்கும், வண்டி திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆகவே மெஷினுக்கும் இரண்டு வேலை. ஒன்று, சாவியிலுள்ள சிப்பைப் படித்து இன்னொரு சிப்பில் நகல் எடுப்பது. மற்றது, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக்குகள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கும் இடம்) செருகி, தப்பான சாவிக்கு இன்ஜினை ஓட விடாத இம்மொபிலைசரிடம் "இதுவும் உன் சாவிதான்" என்று பதிய வைப்பது. விற்பவர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் "எல்லா காரும்" என்கிறார். எல்லா காருக்கும் ஆகிற மெஷின் கிடையாது. லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினிலும் கிடையாது.

22,000 ரூபாய்க்கு வருவது, ஏதோ ஒரு நல்ல கம்பெனி மெஷினைப் பார்த்து அடித்த நகலாகத்தான் இருக்கும். வீடியோவில் அது வேலை செய்யும். காட்டுகிற வண்டி பழைய ஐ10ஆகவோ பழைய ஸ்விஃப்ட்டாகவோ இருக்கும். அந்தத் தலைமுறை வண்டிகள் எதற்கும் இறங்கிப் போகும். "வாழ்நாள் அப்டேட் இலவசம்" என்றால் அப்டேட்டே கிடையாது என்று படியுங்கள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம், அப்டேட் பண்ண வேண்டாம். இணைத்தால் அசல் கம்பெனியின் சர்வர் அந்த சீரியல் எண்ணை அடைத்துவிடும். மெஷின் வெறும் பெட்டிதான். அடைபடுவதுகூட தேவலை. கதவு, விளக்கு, சாவிக் கணக்கு எல்லாம் பார்க்கும் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூலில் எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுபோவதுதான் ஆபத்து. வாடிக்கையாளர் கையிலிருந்த நல்ல சாவியும் அன்றோடு வேலை செய்யாது. மாட்யூலுக்கான பணம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

மெஷின் வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், கடைக்கு வருகிற ஒவ்வொரு சிப் சாவியையும் எழுதுங்கள்: வண்டி, ஆண்டு, சாதா சாவியா பட்டன் ஸ்டார்ட்டா, கையில் ஒரு சாவியாவது இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா. சேலத்துச் சாலையில் மாருதியும் ஹூண்டாயும்தான் கண்ணில் அதிகம் படும். டிராவல்ஸ் வண்டி என்றால் இன்னோவா, எட்டியோஸ். பிஎம்டபிள்யூ ஆகுமா, பென்ஸ் ஆகுமா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த நோட்டிலுள்ள வண்டிகள் ஆகுமா என்று மட்டும் கேளுங்கள். மெனுவில் சுஸுகி இருப்பது போதாது. மாருதி, டாடா, மஹிந்திரா என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஜப்பானில் ஓடும் வேகன்ஆரும் நம் வேகன்ஆரும் பெயரில்தான் ஒன்று.

வரிசையைச் சொல்கிறேன். முதலில் கையடக்கமான சிப் கருவி ஒன்று. எக்ஸ்ஹார்ஸின் மினி கீ டூல், கீடிஐஒய்யின் கேடி-எக்ஸ்2 வகையறா. இவை சிப் என்ன ரகம் என்று காட்டும், நகல் எடுக்கும், யூனிவர்சல் ரிமோட்டை உருவாக்கும். சாவியைப் பார்த்து "இது 46 சிப்தான்" என்று ஊகிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு சிப் மாறும். அடுத்தது ஓபிடி மெஷின். எக்ஸ்டூல் எக்ஸ்100 பேட் வரிசையோ, ஆட்டெல் ஐஎம்508 வரிசையோ, உங்கள் அளவுக்குப் போதும். ஐஎம்608, எக்ஸ்பி400 புரோ என்று ஆசை காட்டுவார்கள். மாட்யூலைக் கழற்றி உள்ளிருக்கும் மெமரி சிப்பைப் படிக்கிற வேலைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த வேலைக்குச் சாவி வெட்டத் தெரிந்தால் போதாது, சால்டரிங் கை நன்றாக இருக்க வேண்டும்.

நகல் எடுப்பதில் ஒரு வசதி: வண்டியின் மெமரியைத் தொடுவதே இல்லை, ஆகவே கெடுக்கவும் வழியில்லை. கையில் ஓடுகிற சாவி ஒன்று இருந்து, சிப்பும் 46, 4டி மாதிரி பழைய ரகமாக இருந்தால் இதுவே போதும். 46 ரகத்துக்கு இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் கருவியை வைத்து, வண்டி கேட்கிற கேள்வியைப் பிடிக்க வேண்டியிருக்கும். மெஷினே படிப்படியாகச் சொல்லும். ஒரு குறை. ஒரே ரேஷன் கார்டை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் காட்டுவது மாதிரி, வண்டிக்கு இரண்டு சாவியும் ஒன்றுதான். ஒன்று திருடு போனால் அதை மட்டும் நீக்க முடியாது. புதிய 128 பிட் சிப்களில் நகலை நம்பாதீர்கள், பதிவுதான் வழி. பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற கார் சாவியும் வேண்டாம். ஒரு வண்டிக்கு எழுதிப் பூட்டிய சிப் இன்னொரு வண்டிக்குப் பெரும்பாலும் இணங்காது.

பதியும்போது மெனுவில் இரண்டு வழி இருக்கும்: சாவி சேர்ப்பது, எல்லா சாவியும் தொலைந்தது. இரண்டாவதை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் பழைய சாவிகள் அத்தனையும் அழிந்துவிடும். வீட்டு பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவி செத்துப்போனது வாடிக்கையாளருக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். நேராக உங்கள் கடைக்கு வருவார். முன்கூட்டியே கேளுங்கள். சாவி திருடு போயிருந்தால் மட்டும் அழிப்பதே நல்லது.

ஃபோர்டுக்கு மட்டும் இந்த விதி போதாது. கம்பெனி இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தாலும் ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் இன்னும் நிறைய ஓடுகின்றன. ஃபோர்டில் சாவிகளை அழித்துவிட்டால், குறைந்தது இரண்டு சாவி பதிந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒரே ஒரு பிளாங்க் (வெட்டாத, பதியாத புதுச் சாவி) கொண்டுபோய் அழித்துவிட்டு, அதைப் பதிந்து, "மெஷின் சரியில்லை" என்று அதன் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. வண்டி இரண்டாவது சாவிக்குக் காத்திருக்கிறது. ஆகவே ஃபோர்டு என்றால் இரண்டு பிளாங்க், இரண்டும் வெட்டி, பூட்டில் திருப்பிப் பார்த்த பிறகே மெஷினைச் செருகுங்கள். மெஷின் உள்ளே நுழைய அனுமதி கேட்டால் வண்டி பத்து நிமிடம் காக்க வைக்கும். திரையில் ஒன்றும் அசையாது. தொங்கிவிட்டது என்று வயரைப் பிடுங்கினால் பத்து நிமிடமும் முதலிலிருந்து. அந்த நேரம் இக்னிஷனை ஆனிலேயே விட்டு, சும்மா இருங்கள். இரண்டு சாவியும் கையில் இருந்து மூன்றாவது மட்டும் வேண்டுமென்றால், மெஷின் இல்லாமலே சேர்க்கும் முறை பல மாடல்களுக்கு உண்டு. வண்டியின் கையேட்டில் பாருங்கள். அதற்குப் போய் 3,000 ரூபாய் வாங்காதீர்கள்.

இனி பின் கோடு, அதாவது இம்மொபிலைசர் கேட்கும் ரகசிய எண். பல வண்டிகளில் பின் இல்லாமல் சாவி பதியாது. நல்ல மெஷின் நிறைய மாடல்களில் அதை ஓபிடி வழியாகவே படித்துவிடும்; நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக இதற்குத்தான். படிக்க முடியாத வண்டிக்கு வாட்ஸ்அப் குழுக்களில் பின் விற்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சேசிஸ் எண்ணை அனுப்பு, பணத்தை அனுப்பு, எண் வரும் என்பார்கள். தப்பான எண் வந்தால் பணம் திரும்பாது. ஹூண்டாய், கியாவில் மூன்று முறை தவறினால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்று அதே ஆள் யோசனை சொல்வார். மாட்டிய நிமிடத்திலிருந்து அந்த ஒரு மணி நேரம் மறுபடி ஓடத் தொடங்கும், அவ்வளவுதான். எண் சரியாகவே இருந்தாலும், அது எங்கிருந்து கசிந்தது என்று போலீஸ் ஒரு நாள் கேட்டால் ஜிபேயில் இருப்பது உங்கள் பெயர்.

நேர் வழி, உரிமையாளர் ஆர்சியுடன் ஷோரூமுக்குப் போய்க் கேட்பது. அங்கே பல சமயம் கிடைக்கிற பதில், "செட்டோடு மாற்றணும் சார், பார்ட் வர நாளாகும்." சாவி ஒன்று தொலைந்ததற்கு லாக் செட்டும் மாட்யூலும்! 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டு, உதிரி பாகமும் டயக்னாஸ்டிக் கருவியும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்றது. அதன் பிறகு மேல்முறையீடு, தடை என்று இழுத்தார்கள். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் திறந்தது. அமெரிக்காவில் பதிவு பெற்ற சாவி மெக்கானிக் கம்பெனியிடமே முறைப்படி பின் வாங்கலாம். இங்கே அப்படியொரு பட்டியல் போட யாருக்கும் நேரமில்லை. நேர்மையான கடைக்காரர் ஷோரூமுக்கும் புரோக்கருக்கும் நடுவில் நிற்கிறார். புரோக்கருக்கு மட்டும் எந்தக் கதவும் மூடுவதில்லை.

மெஷின் வாங்கும் நாளில் செய்ய வேண்டியது: ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். உங்கள் முன்னாலேயே, உங்கள் மெயிலில், உங்கள் போன் எண்ணில் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். "நாங்களே ஆக்டிவேட் பண்ணித் தருகிறோம்" என்றால் கணக்கு அவர் பெயரில். அடுத்த ஆண்டு அப்டேட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. செகண்ட் ஹேண்டிலும் இதே வம்புதான்: பழைய உரிமையாளர் கணக்கிலிருந்து விடுவிக்காத மெஷின் உங்களுக்கு உதவாது. இலவச அப்டேட் எத்தனை ஆண்டு, பிறகு ஆண்டுக்கு எவ்வளவு, எந்த வேலைக்கு டோக்கன் என்று ஒவ்வொரு முறையும் தனிக் காசு என்று எழுதி வாங்குங்கள். வேறு நாட்டுக்கான மெஷின் மலிவாக வந்தால் விடுங்கள். பிராந்தியப் பூட்டு விழும், இங்கே வேலை செய்யாது. பிறகு, தெரிந்தவரின் ஸ்விஃப்ட்டையும் ஐ20யையும் கூட்டிப்போய் செருகிப் பாருங்கள். எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று காட்டுகிறதா, பின் படிக்கிறதா? படிப்பதோடு நிறுத்துங்கள். அங்கே எதையும் அழிக்கவோ எழுதவோ வேண்டாம்.

ஏற்காடு தாராளமாகப் போகலாம். ஆனால் இப்போதைய மெஷின்கள் பாதிக் கணக்கை சர்வரில்தான் போடுகின்றன, எஸ்டேட் சாலைகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வண்டியின் மாடலைப் போனிலேயே கேட்டு, அதற்கான ஃபைலை அடிவாரத்துக்கு வரும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் கட்டாயம் தேவைப்படும் மாடல் என்றால் வண்டி நிற்கிற இடத்தில் நெட் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியும் பயனில்லை.

நெட்டை விட பேட்டரிதான் அதிகம் கெடுக்கும். சாவி தொலைத்தவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்விளக்கு எரிய, வண்டியைக் குடைந்து தேடியிருப்பார். மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எழுதும் வேலையைத் தொடங்காதீர்கள். சின்ன பேட்டரி ஒன்றைக் கொண்டுபோய் இணையாகக் கொடுங்கள். விளக்கு, ஏசி, மியூசிக் எல்லாம் அணைந்திருக்கட்டும். எழுதும்போது யாரும் கதவைத் திறந்து மூடக் கூடாது.

சுற்றுலா வந்தவரின் வண்டி என்றால் ஆர்சியை ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள். டிஜிலாக்கரையோ எம்பரிவாஹனையோ உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பெயர் வேறாக இருந்தால் உரிமையாளரிடம் வீடியோ காலில் பேசிவிட்டு, வந்தவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் வாங்குங்கள். சங்கடப்பட்டால் வேலையை விட்டுவிடுங்கள். சாவி திருடு போனது என்றால் ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் (புகார் ரசீது) போட்டு வரச் சொல்லுங்கள். காப்பீட்டில் சாவிக்குத் தனி கவர் எடுத்திருந்தால் அவருக்கே அது உதவும். பின்னாளில் வண்டி காணாமல் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாச் சாவியையும் கேட்பார்கள். அதனால் பில்லில் சேசிஸ் எண், எத்தனை சாவி அழித்தீர்கள், இப்போது எத்தனை பதிந்திருக்கிறது என்று மெஷின் காட்டியபடியே எழுதி, ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.